தம்பிக்கு ஒரு கேபிடல் லெட்டர்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். போன வருடம் ஒருநாள், பெயர்களுக்கு கேபிடல் லெட்டர் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒரு சிறுமி அப்பாவுக்குப் போட்டாள், அம்மாவுக்குப் போட்டாள், வீட்டு நாய்க்கும் போட்டாள். தம்பியின் பெயர் மட்டும் சின்ன எழுத்தில் ஆரம்பித்தது.

"இவனுக்கு ஏன்மா போடல?"

"எப்பப் பாத்தாலும் என் ரப்பரைக் கடிச்சுக்கினே இருக்குறான் மிஸ்."

"ரப்பரைக் கடிச்சாலும் பேர் பேர்தாம்மா. போடணும்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்த் திருத்தினாள்.

மறுநாள், வாக்கியம் முடிந்தால் புள்ளி, கேள்வியானால் கேள்விக்குறி என்று நடத்தினேன். 'இவன் என் தம்பி' என்று ஆங்கிலத்தில் எழுதி, கடைசியில் கேள்விக்குறி போட்டிருந்தாள்.

"இங்க புள்ளிதானேம்மா வரணும்?"

"எனக்கு டவுட்டா இருக்குது மிஸ்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, சந்தேகம் கேட்பதானால் 'இஸ்' முன்னால் வர வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். அடுத்த மாதம் நடத்த வேண்டிய பாடம் அது. அவள் உடனே பிடித்துக்கொண்டு, தம்பியைப் பற்றி இன்னும் இரண்டு கேள்விகள் எழுதி எடுத்துவந்தாள்.