பேனரில் எழுதிய பொய்

விடுப்பில் வந்திருந்த எங்கள் ஊர் ராணுவ வீரர்கள் நால்வரும் ஒரு நாளாவது கவலையில்லாமல் இருக்கட்டும் என்று ஊரில் பேசி ஏற்பாடு செய்தோம். இடம், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டம். கிணற்றில் நீச்சல், அப்புறம் கறிச்சோறு. பேனர் அடித்தது நான்தான். செல்வத்தின் படத்துக்குக் கீழே ‘வெள்ளத்தில் நீந்தி உயிர் காத்த வீரர்’ என்று பெருமையாகப் போட்டிருந்தேன்.

மற்ற மூவரும் கிணற்றில் குதித்துவிட்டார்கள். செல்வம் சட்டையைக் கழற்றும்போது அப்பா அருகில் போனார். செல்வம் காலனிக்காரன். அவனுடைய அம்மா எங்கள் தோட்டத்தில் களை எடுத்தவர்.

“சாமி, உனக்குத் தொட்டியில தண்ணி உடச் சொல்றேன். அங்கியே குளிச்சுக்க,” என்றார் அப்பா, ரொம்ப அன்பாக.

பிறகு என்னைப் பார்த்தார். நான் போய் மோட்டாரைப் போட்டேன்.

“எறங்குடா செல்வம்,” என்று கிணற்றுக்குள்ளிருந்து ஒருவன் கூப்பிட்டான்.

செல்வம் சட்டைப் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டே, “நீங்க குளிங்க. எனக்கு நீச்சல் தெரியாதுங்க,” என்றான்.

அப்பா நிம்மதியாகச் சிரித்தார். எங்கள் மானம் போகக்கூடாதென்று, நான் எழுதியதை அவன் பொய்யாக்கிவிட்டான்.

அதன்பிறகு அந்தக் கிணற்றில் நான் இறங்கவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.