மூன்றாவது கை

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, சைப்பிரஸ் மரங்களுக்குள் ஒளிந்திருக்கும் எங்கள் ஃப்ரீமேசன் லாட்ஜை, அதாவது வெள்ளைக்காரன் காலத்து ரகசியச் சங்கத்தின் கூடத்தை, ஊரார் பேய் பங்களா என்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கூடுகிறவர்களைப் பற்றி வேறென்ன சொல்வார்கள்? நான் அதற்குத் தலைவராகப் போகிறேன் என்றதும், என் கடைக்கு எதிரே வெற்றிலை விற்கிற அம்மா கேட்டார்: "இனி பேய்க்கு நீங்கதான் பூசாரியாண்ணே? பொங்கல் எங்களுக்கா, பேய்க்கா?"

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாட்ஜ் சடங்கோ முழுக்க ஆங்கிலம். மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னைவிடப் பதினொரு வயது இளையவர், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர், எனக்கு முன்பே தலைவராக இருந்து இறங்கியவர். இரண்டு வருஷம் ஞாயிறுதோறும் அவருடைய ஃபாக்டரி மாடிக்குப் போனேன். கொழுந்து வாட்டுகிற நீளத் தட்டுகளுக்கு நடுவே நடந்தபடி, மின்விசிறி இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பாடம் ஒப்பித்தேன். அவசரப்பட்டால் சிரிப்பார்: "பச்சைக் கொழுந்த அரைச்சா தேத்தண்ணி ஆகாதுண்ணே. வார்த்தையும் வாடணும்."

எங்களிடம் ஒரு விதி உண்டு. புதுத் தலைவரை நாற்காலியில் உட்கார வைக்கும்போது, முன்பு தலைவராக இருந்தவர்கள் மட்டுமே உள்ளே இருப்பார்கள். குறைந்தது மூன்று பேர் வேண்டும். குறைந்தால் பதவி செல்லாது. எங்களுக்கு மிச்சமிருந்ததே மூன்று பேர்தான்: கண் மங்கிய தலைமை ஆசிரியர், காது மந்தமான வக்கீல் ஐயா, டீமேக்கர்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. கரண்டும் போனது. ஒரே ஒரு மெழுகுவர்த்தி. டீமேக்கர் ரயிலில் வருவதாகச் சொல்லியிருந்தார். மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். நான் தலை குனிந்து மண்டியிட்டேன்.

"மூணு பேரும் இருக்கோமா?" என்றார் தலைமை ஆசிரியர்.

"இருக்கோம்."

நான் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தேன். பிறகு ஒவ்வொருவராக என் கையைப் பிடித்தார்கள். முதல் கை என் விரல்களைத் தடவித் தேடியது. இரண்டாவதில் வக்கீல் ஐயாவின் மோதிரம் உறுத்தியது. மூன்றாவது கை ஈரமாக, சில்லென்று இருந்தது. வாடிய கொழுந்தின் வாசம். வந்துவிட்டீர்களா தம்பி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கரண்ட் வந்தது. அறையில் இரண்டே பேர் நின்றிருந்தார்கள். "மூணு கை பிடிச்சுதே," என்றேன்.

வாளோடு வாசலில் நிற்பதற்கென்றே எங்களுக்கு ஒரு காவலர் உண்டு. "ஒரு ஈ உள்ள போகலைங்க," என்றார் அவர். அந்த நேரம் என் ஃபோன் அடித்தது. டீமேக்கர்தான். தண்டவாளத்தில் மரம் விழுந்து, வட்டகொடை ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருக்கிறாராம்.

"அப்போ இருக்கோம்னு சொன்னது நீங்கதானே?" என்றார் தலைமை ஆசிரியர்.

"நானா? நீங்க கேட்டதே எனக்குக் கேக்கல," என்றார் வக்கீல் ஐயா. பிறகு, "மூணு கைன்னு அவரே சொல்றாருல்ல? மூணு பேருன்னே புத்தகத்துல எழுதிருவோம். டீமேக்கரு வந்து கையெழுத்து போடட்டும்," என்றார்.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வெளியே மாலையோடு விருந்தாளிகள் காத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய பயம், இன்று தப்பில்லாமல் வந்த வார்த்தைகள் இன்னொரு நாள் வருமா என்பது. ஃபோனில் அவரிடமே கேட்டேன்.

"நான் வராத இடத்துல என் பேர எழுதாதீங்கண்ணே," என்றார். "இன்னைக்கு சொன்ன வாய் அடுத்த மாசமும் சொல்லும்."

வெளியே போய், "இன்னும் ஆகலைங்க," என்றேன். மாலையைப் பிடித்திருந்தவர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் என்னையே பார்த்தார்.

அடுத்த மாதம் மூன்று பேரும் இருந்தார்கள், நானே எண்ணிக்கொண்டேன். இந்த முறை இரண்டு இடத்தில் தடுமாறினேன். டீமேக்கர் எடுத்துக்கொடுக்கவில்லை, கண்ணைச் சிமிட்டாமல் காத்திருந்தார். வார்த்தை தானாக வந்தது. அவர் என் கையைப் பிடித்தபோது அந்தக் கை உலர்ந்து, சூடாக இருந்தது. அன்றைக்கு என்னைப் பிடித்தது இந்தக் கை இல்லை.

பிறகு விருந்து. நாற்காலியில் வைத்தவர்களுக்கெல்லாம் புதுத் தலைவர் எழுந்து நின்று நன்றி சொல்வது வழக்கம். மூவருக்கும் சொன்னேன். டீமேக்கருக்கு மட்டும் இரண்டு முறை சொன்னேன். எட்டாம் வகுப்புக்காரனை ஒருநாளும் அவசரப்படுத்தாத மனிதர். நான் உட்காரப் போக, என் கோட்டைப் பிடித்து இழுத்தார் தலைமை ஆசிரியர்.

"அன்னைக்கு வந்த கைக்கும் சொல்லிருங்க. சொல்லலைன்னா, குடுக்காத நன்றிய வாங்கிக்க அது தானா வந்து நிக்கும்."

மறுபடி எழுந்தேன். "அன்றைக்கு வந்தவர் யாராக இருந்தாலும், உங்களுக்கும் நன்றி," என்றேன். கதவோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த காவலர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே தன் நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு, ஒரு ஆள் போக வழிவிட்டார்.