சிங்கத்தின் மேல் வெட்டிய பெயர்

எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் குடித்த சொம்பைத் திருப்பிப் பார்ப்பேன். கழுத்திலோ வயிற்றிலோ ஒரு பெயரும் தேதியும் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கும். காதுகுத்து, கல்யாணம், புதுமனை என்று ஏதாவது ஒன்று. வயதைக் கேட்டால் மனிதர்கள் கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள். பாத்திரத்தில் வெட்டிய தேதி பொய் சொல்லாது. இதைப் பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ஜவ்வாது மலையில், எங்களுக்கு வருஷா வருஷம் புளியும் சாமையும் கொடுக்கும் வீட்டிலும் சொன்னேன்.

அந்த வீட்டுக்காரி என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். அவள் கணவர் போன வருஷம் காலமாகிவிட்டார். ஒரே மகளைக் கலசப்பாக்கம் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். அந்தப் பெண் மாசமாக இருந்தாள். கணவரின் தம்பி பக்கத்து வீட்டில் குடியிருந்தார். நிலமும் வீட்டுச் சாமானும் அண்ணன் தம்பிக்குள் அதுவரை பாகம் பிரியவில்லை. சித்திரை பிறந்ததும் பிரிப்பதாகப் பேச்சு இருந்தது.

மாசியில் நான் போயிருந்தபோது, புதுத் தேன் என்று சொல்லி ஒரு கறுத்த ஸ்பூனில் ஊற்றி நீட்டினாள். வாங்கியதுமே கை தாழ்ந்தது. இரும்பின் கனமும் இல்லை, பித்தளையின் கனமும் இல்லை. காம்பின் நுனி பிடில் உடம்பு மாதிரி அகன்றிருந்தது. குழியின் இடது விளிம்பு மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. பல தலைமுறை வலது கைகள் பாத்திரத்தின் அடியை வழித்த தேய்மானம். தேனை நக்கி முடித்துவிட்டுத் திருப்பினேன்.

காம்பின் பின்புறம், வரிசையாகச் சின்னச் சின்ன முத்திரைகள். ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம். ஒரு சிறுத்தையின் முகம். ஒரு ராஜாவின் தலை. அவற்றின் பக்கத்தில், கறுப்பு அடைத்துக்கொண்டிருந்த ஓர் எழுத்து.

புத்தகங்களில் மட்டுமே பார்த்திருந்த வரிசை அது. சிங்கம் என்றால் தரமான வெள்ளி. சிறுத்தை முகம் என்றால் லண்டனில் சோதித்தது. ராஜா தலை என்றால் வரி கட்டியது. அந்த எழுத்துதான் வருஷம். வருஷத்துக்கு ஓர் எழுத்தாகக் குத்துவார்கள். ஒரு சுற்று முடிந்தால் எழுத்தின் சாயலையும் கட்டத்தின் வடிவத்தையும் மாற்றுவார்கள். எழுத்தும் கட்டமும் தெளிவாகத் தெரிந்தால் ஸ்பூன் பிறந்த வருஷத்தையே சொல்லிவிடலாம். கைபேசியில் படம் எடுத்தேன். சிங்கம் விழுந்தது, எழுத்து இருந்த இடத்தில் கறுப்புப் பொட்டுதான் விழுந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"இன்னாண்ணா அப்டி பாக்குறீங்க? கறுத்துக் கெடக்குதுன்னா? நாலு புளியப் போட்டுத் தேச்சா பளபளன்னு ஆய்டும்."

"வேண்டாம்மா, வேண்டவே வேண்டாம்! புளி வைக்காதீங்க, சாம்பல் வைக்காதீங்க, நாரே படக்கூடாது. அப்படியே வச்சிருங்க. இது மியூசியத்துல இருக்க வேண்டிய பொருள்."

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனார் வாசலில் வந்து நின்றார்.

"மியூசியமா? எதுங்க, இந்த ஸ்பூனா? அப்போ நல்ல வெல போவுமே!"

"போன வாரம் ஆட்டுக்கு மருந்து ஊத்த இதத்தான கேட்ட? இப்போ இதுக்கு வெல கேக்குறியா?" என்றாள் அவள்.

"அப்போ தெரியல அண்ணி. இப்போ சார் சொல்றாருல்ல. பொதுவுல கெடக்குற சாமான். வித்தா ரெண்டு வூட்டுக்கும் ஆளுக்குப் பாதி."

அவள் முகம் மாறியது. மாமனாரின் அப்பா காட்டுப் பங்களாவில் சமையல் செய்தவராம். அங்கே இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதல் சாமைக் கஞ்சி இந்த ஸ்பூனில்தான். அவள் கணவருக்கும் அதில்தான், மகளுக்கும் அதில்தான்.

"எம் பொண்ணு கொழந்தைக்கும் இதுலதான் ஊட்டணும். அத வித்துட்டு ஸ்டீல் ஸ்பூன்ல ஊட்டுவாங்களா?" என்று என்னிடம்தான் கேட்டாள்.

அடுத்த முறை கண்ணாடியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன். வீட்டில் புத்தகங்களைப் பரப்பி, ராஜா தலையை வைத்து எந்தெந்தச் சுற்றுகள் பொருந்தும் என்று குறித்துக்கொண்டேன். எழுத்து மட்டும் தெரிந்தால் துரை கதை உண்மையா என்றுகூட ஓரளவு சொல்லிவிடலாம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்தக் கறுப்புப் பொட்டுதான் கண்ணில் நின்றது.

சித்திரை பிறப்பதற்கு முன்பே மலை ஏறினேன். அவள் சிரித்த முகமாக ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து பிரித்தாள்.

"நீங்க சொன்னா மாதிரியே, புளியே படலண்ணா. நாரு படல. பாருங்க."

பார்த்தேன். கறுப்பு அப்படியே இருந்தது. காம்பின் பின்புறத்தில் மட்டும், அதன் மேல் வெள்ளையாக, புத்தம் புதிதாகப் புள்ளிகள் மின்னின. அவள் மகளின் பெயர். பெயரை அடுத்து ஒரு தேதி.

சற்று நேரம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. புரிந்ததும் அங்கே கிடந்த ஒரு சாமை மூட்டைமேல் உட்கார்ந்தேன். கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். பெயரின் முதல் எழுத்து சிங்கத்தின் முதுகைப் பிளந்துகொண்டு போயிருந்தது. வாலும் ஒரு பின்னங்காலும் மிச்சம். ராஜாவுக்கு மூக்கு இல்லை. நான் தேடி வந்த எழுத்தின் மேல் தேதி ஏறியிருந்தது. அடியில் இருந்தது என்ன எழுத்து, எப்படிப்பட்ட கட்டம் என்று இனி எந்தக் கண்ணாடியாலும் சொல்ல முடியாது.

"யாரும்மா வெட்டினது?"

"சந்தையில பாத்திரக் கடக்காரருதாண்ணா. கரன்ட் மிஷின்ல கிர்ருனு ஒரு நிமிசத்துல முடிச்சிட்டாரு."

"இந்த இடத்துலயா வெட்டணும்?"

"அங்கதான ஏற்கனவே என்னமோ எழுதியிருந்திச்சு? அதுதான் எழுதுற எடம்னு நெனச்சேன். பழசு தேஞ்சி போச்சி, அதும் மேலயே நல்லா ஆழமா வெட்டுன்னு சொன்னேன்."

புளி கூடாது என்றேன், சாம்பல் கூடாது என்றேன், நார் கூடாது என்றேன். பெயர் வெட்டாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் யாருக்குத்தான் தோன்றும்?

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"பொண்ணு பேரு வெட்டுன சாமான் பாகத்துல வராதுண்ணா. அது அவ கூடப் போற பொருளு. எங்க ஊருல எவனும் அதுல பங்கு கேட்டது கெடையாது. நீங்கதான சொன்னீங்க, வெட்டுன பேரும் தேதியும் பொய் சொல்லாதுன்னு?"

அந்தத் தேதியை மறுபடி பார்த்தேன். மகளின் கல்யாணத் தேதி அல்ல. அது எனக்குத் தெரியும், இந்த வீட்டுக் குடத்திலேயே படித்திருக்கிறேன்.

"இது என்னைக்கு?"

"நீங்க வந்து பாத்தீங்களே, அந்த நாளுதான். அன்னைக்குத்தான இது இன்னான்னே எங்களுக்குத் தெரிஞ்சது."

கொழுந்தனார் வந்தார். கண்ணாடியும் கையுமாக நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "சார், வேலூர்ல ஒருத்தர் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா..." என்று ஆரம்பித்தவர், ஸ்பூனைக் கையில் வாங்கினார். பெயரைப் படித்தார். "அண்ணி, இன்னா அண்ணி இது!"

"படிக்கத் தெரியுதில்ல? யாரு பேரு அது?"

அவர் என் பக்கம் திரும்பினார். "சார், இப்போ இது எவ்ளோ போவும்?"

உண்மையைத்தான் சொன்னேன். முத்திரை போய்விட்டது, இனிமேல் வெள்ளியின் எடைக்குத்தான் மதிப்பு, அதுவும் இவ்வளவு சின்னப் பொருளுக்கு என்ன கிடைத்துவிடும் என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. அவர் ஸ்பூனை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். அண்ணன் மகளின் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார்.

"புள்ள பேரு போட்டாச்சி. இனிமே இன்னா பேசறது. நீங்களே வச்சிக்கோங்க" என்று அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அவள் கீழே உட்கார்ந்து மூச்சு விட்டாள். பிறகுதான் என் முகத்தைக் கவனித்தாள் போலிருக்கிறது.

"கெட்டுப் போச்சாண்ணா? அதுல எழுதியிருந்தது முக்கியமா?"

"உங்களுக்கு இல்லம்மா" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவள் நம்பினாளோ என்னவோ, எழுந்து உள்ளே போய் எனக்கு எடைபோட்டு வைத்திருந்த மூட்டையைக் கொண்டுவந்தாள். அதன் வாயைக் கட்டுவதற்கு முன் ஒரு பிடி புளியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இனிமேயாச்சும் தேய்க்கலாமாண்ணா?"

நான் தலையாட்டினேன். தண்ணீர்த் தொட்டி பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். கறுப்பு கரைந்து ஓடிற்று. திரும்பிப் பார்க்காமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.