பச்சை டியூப் வராமல் போன வருஷம்

போன வருஷம் என் மகளுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம் வைத்திருந்தோம். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஆரம்பித்தது இந்தப் பாடு.

ஈரப் பாவாடையோடு வயலில் நின்று நின்று எனக்கு இடுப்பில் படர்தாமரை வரும். பச்சை டியூபில் ஒரு மருந்து உண்டு, தடவினால் அடங்கிவிடும். டாக்டரிடம் போனதே இல்லை. இதையெல்லாம் யாரிடம் அவிழ்த்துக் காட்டுவது? அந்த முறையும் காலி டியூபைத்தான் மெடிக்கலில் நீட்டினேன்.

"அது இப்ப வர்றதில்லீங்கம்மா. கம்பெனியே நிறுத்திட்டான்," என்றார் கடைக்காரர்.

விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப்போய் அங்கேயும் கடை கடையாகக் கேட்டேன். அதே பதில்தான். கடைசியில் ஒருவர் வேறொரு களிம்பை எடுத்து வைத்தார். "இத போட்டுக்கினு வாங்க, ஜல்தியா கேக்கும்."

கேட்டது. இரண்டே நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. நிறுத்தினால் மறுபடி அரிக்கும், மறுபடி வாங்குவேன். கல்யாணம் நெருங்க நெருங்க, அது இடுப்பை விட்டுக் கைக்கும் கழுத்துக்கும் வட்டம் வட்டமாக ஏறிவிட்டது. பதறிப்போய் தோல் டாக்டரிடம் ஓடினேன். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதாம். அரிப்பை அடக்கிவிட்டு நோயைப் பரவ விட்டிருக்கிறது. ஆற மாதக்கணக்கில் ஆகும், அதுவரை யார் மேலும் படவேண்டாம் என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தோல் வியாதிக் குடும்பம் என்று சம்பந்தி வீட்டில் பேசிவிட்டால் மகள் கதி என்ன ஆவது?

நலங்கு அன்று பெண்கள் ஒவ்வொருவராக அவள் கன்னத்திலும் கையிலும் மஞ்சளும் சந்தனமும் பூசினார்கள். நான் முழுக்கை ரவிக்கை போட்டு, முந்தானையைக் கழுத்தோடு போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றேன். என் நாத்தனார் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே வைங்க. எனக்கு உள்ள வேல கெடக்குது," என்றேன்.

"யம்மா, நீ வெச்சிட்டுப் போயேன்," என்றாள் மகள்.

கேட்காதது போல உள்ளே போய்விட்டேன். முகூர்த்தம் முடியும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தக் கல்யாணத்தில் அம்மாவுக்கு இஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் புகுந்த வீட்டுக்குப் போனாள்.

பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கையைப் பிடிக்க வந்தாள், நான்தான் இழுத்துக்கொண்டேன். இனி பயமில்லை என்று டாக்டர் இப்போது சொல்லிவிட்டார், கறுப்புத் தழும்புதான் மிச்சம். ஆனால் பெற்ற மகளைத் தொடப் பயந்த கை, இன்றைக்கும் அவள் கிட்டே வந்தால் தானாகப் பின்னால் போகிறது.