டிரைவர் சாப்பாடு

என் அக்காவைப் பொறுமைசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அவள் பொறுமைசாலி இல்லை, காத்திருக்கத் தெரிந்தவள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அத்தானுக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் புரிந்தது.

அத்தான் இருபத்தெட்டு வருடம் மேற்குக் கடலோரச் சாலையில் பஸ் ஓட்டினார். அந்த வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. மாலையில் எல்லா பஸ்ஸும் அங்கேதான் நிற்கும். பயணிகளைக் கொண்டுவந்து இறக்குகிற டிரைவருக்குச் சாப்பாடு இலவசம். பச்சைத் திரைக்குப் பின்னால் தனி அறை, சுடச்சுடச் சோறு, அப்போதுதான் வறுத்த மீன், கடலைப் பார்த்த ஜன்னல். பயணிகளுக்குக் கூடத்தில் காலையில் வைத்த குழம்பு. அங்கே ஜன்னல் கிடையாது, ட்யூப்லைட் உண்டு.

"சூரியன் கடல்ல இறங்கறதப் பாத்துக்கிட்டே சாப்பிடுவேன், ராஜா மாதிரி" என்று வீட்டில் பெருமையடிப்பார். அக்கா கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவாள்.

அந்தக் கூடத்தில் அவளும் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறாள். அப்போது மகளுக்கு நான்கு வயது, கடுமையான காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அத்தான் ஓட்டிய பஸ்ஸிலேயே ஏறினாள். கடையில் நின்றபோது குழந்தைக்கு மருந்து கலக்கக் கொஞ்சம் வெந்நீர் தேவைப்பட்டது. பரிமாறுகிறவன் காதிலேயே வாங்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரையை விலக்கி, "என்னங்க, கொஞ்சம் வெந்நீர்" என்றாள்.

உள்ளே நாலைந்து டிரைவர்கள். பெண்டாட்டியையும் கூடவே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று கேலி பேசுவார்களே என்று அத்தானுக்கு வெட்கம். மீனிலிருந்து கண்ணை எடுக்காமல், முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல, "பயணிங்களுக்கு எல்லாம் வெளியிலதாம்மா" என்றார்.

குழந்தை பிழைத்தாள், வளர்ந்தாள், இன்று அவளே ஒரு பிள்ளைக்குத் தாய். அத்தான் அந்தப் பேச்சை அன்றைக்கே விட்டுவிட்டார். அக்கா அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்: "அந்த வார்த்தைய அவர் காதுல திருப்பிப் போடாம நான் கண்ண மூட மாட்டேன்டி."

ஓய்வுக்குப் பின் அத்தானுக்கு முழங்காலில் ஆபரேஷன். கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேளைக்கு ஒரு மாத்திரை, அதையும் வெந்நீரில்தான் போட வேண்டும். கார் வாசலில் தூசி படிந்து நின்றது. "நான் கத்துக்கறேன்" என்றாள் அக்கா, ஐம்பத்தெட்டு வயதில். அத்தானே பக்கத்தில் உட்கார்ந்து, கியர் மாற்றுவதிலிருந்து திருப்பத்தில் ஹாரன் அடிப்பது வரை சொல்லிக்கொடுத்தார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும், "கடலோரமாவே ஒரு வாரம் போயிட்டு வரலாங்க. போற இடத்துல கிடைக்கறதச் சாப்பிடலாம், சாயங்காலம் சூரியனப் பாக்கலாம்" என்றாள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று நாள் அக்கா தேனாக இருந்தாள். படகுத் துறைக் கொட்டகையில் நண்டு உடைத்து அவர் தட்டில் வைத்தாள். மாலையானால் பாறை மேல் பக்கத்தில் உட்கார்ந்தாள். காரில் அத்தான், தன் பக்கம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். அதற்கும் அவள் கோபிக்கவில்லை. எனக்குப் போன் போட்டு, "உங்க அக்கா இப்பத்தான்மா கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கா" என்றார். அடுத்து எங்கே நிற்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

நான்காம் நாள் மாலை அவரே கையை நீட்டினார். "அதோ நம்ம கடை. மொதலாளி என்னப் பாத்தா எப்படிக் கவனிக்கறார் பாரு."

காக்கிச் சட்டை போய்க் கைத்தடி வந்திருந்த மனிதரை முதலாளிக்கு அடையாளம் தெரியவில்லை. "வண்டி ஓட்டிட்டு வந்தது யாரு?" என்றுதான் கேட்டார்.

அக்கா சாவியை மேசைமேல் வைத்தாள். "நான்தாங்க டிரைவர். சார் பயணி. இன்னும் நாலு பார்ட்டிய இந்தப் பக்கம் கூட்டிட்டு வருவேன்."

முதலாளி எழுந்தே விட்டார். "உள்ள வாங்கம்மா."

அத்தான் சிரித்தார். "அவ சும்மா வெளையாடறா. நான் இருபத்தெட்டு வருஷம் இங்க..."

"சார், நீங்க கூடத்துல உக்காருங்க. உள்ள டிரைவருங்களுக்கு மட்டுந்தான்."

உள்ளே இரண்டு லாரி டிரைவர்கள் ஜன்னலோர இடத்தை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். மீன் வந்தது. சூரியன் தண்ணீரைத் தொடுகிற நேரம். வெளியே அத்தானுக்குக் காலைக் குழம்பு வந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மாத்திரை நேரமாகிவிட்டது. பரிமாறுகிறவனை மூன்று தடவை கூப்பிட்டார், அவன் திரும்பவில்லை. தடியை ஊன்றி வந்து திரையை விலக்கினார்.

"ஏம்மா, மாத்திர போடணும். கொஞ்சம் வெந்நீர்."

அக்கா மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பயணிங்களுக்கு எல்லாம் வெளியிலதாங்க."

லாரிக்காரர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். அத்தான் முதலில் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"பாப்பாவுக்குக் காய்ச்சல்" என்றார் மெல்ல.

"ஆமா" என்றாள் அக்கா.

அவர் திரையை விட்டுவிட்டுப் போனார்.

"அவருக்கு ஞாபகம் இல்லாமப் போயிருந்தா நான் தோத்திருப்பேன்டி. அந்தப் பயம் ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு" என்றாள் பிறகு என்னிடம்.

"பாவமா இல்லையாக்கா?"

"இல்ல. இன்னொரு மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்."

சூரியன் முழுதாக இறங்கும்வரை இருந்துவிட்டுத்தான் எழுந்தாளாம். வெளியே வந்தபோது அத்தான் காருக்குள் இருந்தார். முன் சீட்டில் இல்லை. பின்னால், மாத்திரை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு. அக்கா வண்டியை எடுத்தாள்.

"முன்னால வந்து உக்காரச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேனே. மூணு நாள் கழிச்சு, நம்ம வீட்டுத் தெருவுக்குள்ள வண்டி திரும்பினப்ப" என்றாள்.