மூன்றாவது அடுப்பு

என் அண்ணி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. வீட்டில் அவள் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதில்லை, தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் எரிவாயுக் குழாயை உடைக்கும்வரை.

சரிசெய்ய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அன்று மாலையே கட்டடத்தின் எல்லா வீடுகளிலும் கரண்ட் அடுப்பு வந்து இறங்கியது. பழைய வயரிங். இரண்டு அடுப்பைத் தாங்கும். மூன்றாவதைப் போட்டால் கீழே மெயின் சுவிட்ச் விழுந்து கட்டடம் முழுக்கக் கரண்ட் போய்விடும்.

எங்கள் வீட்டு உள்ளறையில் அப்பா ஆக்சிஜன் மெஷினில் இருந்தார். அதன் பேட்டரி செத்து வெகுநாள் ஆகிறது. மின்சாரம் நின்றால் அவருக்கு மூச்சு இல்லை. ஆனால் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அவர் கட்டளை.

"கப்பல்ல இன்ஜின் ஓட்டினவன் நான். மூக்குல குழாயோட கிடக்கேன்னு ஊருக்குத் தம்பட்டம் அடிக்கணுமா?"

"சொல்லல மாமா," என்றாள் அண்ணி.

போய் மாடிப்படி நடுவில் நின்றாள்.

"அடுத்து சமையலுக்குப் புறப்படுவது இரண்டாம் மாடி டீச்சர் வீடும் முதல் மாடி டிரைவர் வீடும். மற்றவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்கவும்."

மேலே யாரோ சிரித்தார்கள். "வண்டி எப்பக்கா கிளம்பும்?"

"கிழங்கு வெந்ததும்."

சிரித்தபடியே கேட்டுக்கொண்டார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதல் இடம். எங்கள் வீடு எப்போதும் கடைசி. அண்ணன் பசியில் முனகினால், "அறிவிக்கிறவ முண்டியடிச்சு ஏறக்கூடாது" என்பாள்.

வாரத்தின் நடுவில் ஒரு காலை மெயின் விழுந்தது. மெஷின் நின்றது. அண்ணன் கீழே ஓடித் தூக்கிவிட்டான். மறுபடி விழுந்தது. யாரோ அடுப்பை அணைக்கவில்லை.

மூன்றாம் மாடியிலிருந்து வெந்நீர் ஆவி வந்தது. அண்ணி ஏறிப்போய் சலூன்காரர் கதவைத் தட்டினாள். நான் பின்னால் நின்றேன்.

"அண்ணே, அடுப்பை அணைங்க."

"நீங்க சொன்னா போடணும், நீங்க சொன்னா அணைக்கணும். கட்டடத்தை உங்க பேருக்கு எழுதி வச்சிருக்கா? கொஞ்ச நேரம் கரண்ட் இல்லேன்னா யாரு செத்துப்போவா?"

அண்ணி வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை போதும். மூடிக்கொண்டாள்.

"அணைங்க அண்ணே," என்றாள் மறுபடி.

கீழே எங்கள் கதவு திறந்தது. அப்பா சுவரைப் பிடித்தபடி படிக்கட்டுக்கு வந்தார். மூக்குக் குழாய் மார்பில் தொங்கியது. மறுமுனை தரையில் இழுபட்டது. அண்ணாந்து பார்த்து, விட்டு விட்டுப் பேசினார்.

"நான்தாம்பா... செத்துப்போறவன். அவளை... ஒண்ணும் சொல்லாதே. வாயைத் திறக்காதேன்னு... நான்தான் சொன்னேன்."

சலூன்காரர் உள்ளே ஓடினார். அண்ணி கீழே ஓடினாள். அண்ணன் தூக்கிவிட்ட மெயின் இம்முறை விழவில்லை. மெஷின் மூச்சு விடத் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் அப்பாவின் உதட்டில் நிறம் வந்தது.

அன்று கட்டடமே எங்கள் வீட்டுக்கு வந்துபோனது. சலூன்காரர் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. குழாயை மறைக்க அப்பா போர்வையை இழுக்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லவும் இல்லை.

"பாத்தியா," என்றார் ஒவ்வொருவரிடமும், அண்ணியைக் காட்டி. "அவ்வளவு பேச்சு கேட்டா. அப்பவும் இவ சொல்லல."