லூர்துமேரி அம்மாவின் லாரி

லூர்துமேரி அம்மா காலமாகிவிட்டார் என்று அவருடைய டிரைவர் போனில் சொன்னபோது நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். "எப்பத்திலேர்ந்துப்பா முடியாம இருந்தாங்க?" என்றேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, அது அவருடைய கேள்வி. அவரிடம் ஊசி போட்டுக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் அது தெரியும். காய்ச்சல் என்று போய் நின்றால், கையைத் தொடுவதற்கு முன் "எப்பத்திலேர்ந்து?" என்பார். பதில் வரும்வரை அசையமாட்டார்.

ஓய்வு பெற்ற நர்ஸுக்கும் கருவடிக்குப்பத்தில் பட்டறை வைத்திருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒரு பழைய பெட்ரோல் லாரி. அவருடைய கணவர் பந்தல் சாமான் ஏற்றிப் பிழைத்த வண்டி. கணவர் போன பிறகு அம்மா ஒரு டிரைவரை அமர்த்திக்கொண்டு, தானும் முன்சீட்டில் ஏறித் தொழிலை நடத்தினார். ரோட்டில் வண்டி ஒழுங்காக ஓடும். நின்றால் போதும், குளிர்காய்ச்சல் கண்டதுபோல் உதறி அணைந்துவிடும். அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் ஒருநாள் அப்படி அணைந்து, பின்னால் வந்தவர்கள் வாழ்த்திய வாழ்த்தில் டிரைவர் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

ஊரிலிருந்த மெக்கானிக்குகள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. பிளக் மாற்றினார்கள், நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகு திருகென்று திருகினார்கள். கார்புரேட்டரில் மட்டும் ஸ்பேனரை வைக்க அம்மா விடவில்லை. "அது அவரு கடைசியா கழட்டி மாட்டினது தம்பி. அதத் தொடாம பாருங்க" என்று என்னிடமும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. வயிற்றைத் தொடாமல் வயிற்றுவலிக்கு வைத்தியம் பார்க்கச் சொன்னால் நீங்கள் பார்ப்பீர்களா என்று கேட்டேன். தொடாமலே பாதி கண்டுபிடிக்கலாம், முதலில் கேளுங்கள் என்று சிரித்தார்.

சரி என்று அவர் பாணியிலேயே கேட்டேன். உதறல் எப்போதிலிருந்து? அவர் யோசித்தார். கணவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியதிலிருந்து. அதைச் சொல்லும்போதே அவருடைய குரல் இறங்கிவிட்டது. நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

மறுநாள் தன் ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டுவந்தார். அதன் முனையைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயைக் கார்புரேட்டரின் அடியில் காட்டினேன். காற்றை உள்ளே இழுக்கும் உஸ்ஸென்ற சத்தம். அவர் காதிலும் மாட்டிவிட்டேன். பிறகு அந்த இடத்தில் பிரஷ்ஷால் கொஞ்சம் ஆயில் தடவினேன். ஓட்டை அடைபட்டதும் எஞ்சின் உதறாமல் நின்று ஓடியது. ஆயில் உள்ளே போனதும் மறுபடி உதறல். காற்றுப் புகாமலிருக்க அடியில் வைத்த பேக்கிங் போய்விட்டது, அதை மாற்றத்தான் வேண்டும் என்றேன். அம்மா பானெட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"கழட்டுங்க" என்றார் கடைசியில். "நோயாளி மேல பாசம்னு நோயை வச்சிக்கக் கூடாது."

உள்ளே இருந்தது கடையில் வாங்கிய பேக்கிங் அல்ல. பழைய காலண்டர் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி வைத்திருந்தார் மனுஷன். ஆயிலில் கறுத்துச் சுருங்கிப்போயிருந்தது. ஒரு மூலையில் மட்டும் மாதா படத்தின் நீலம் மிச்சமிருந்தது. அம்மா அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே அழுதார். சொல்வதற்கென்ன, நானும்தான் அழுதேன். பிறகு அதை என்னிடமே கொடுத்துவிட்டார். "வீட்ல இருந்தா தினம் எடுத்துப் பாத்துட்டே இருப்பேன். உங்ககிட்ட இருக்கட்டும்."

வண்டி சரியாயிற்று, டிரைவரும் வேலையை விடவில்லை. அந்த அட்டை என் பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது.

அடக்கத்துக்காகப் பிரான்சிலிருந்து வந்த அவருடைய மகன் நேற்று லாரியில் பட்டறைக்கு வந்தார். "ஒதறவே இல்லியே. கார்புரேட்டரத் தொறக்க அம்மா வுட்டாங்களா?" என்றார்.

"அவங்கதான் தொறக்கச் சொன்னாங்க" என்றேன்.

அட்டையை எடுத்து, அது என்னவென்று சொல்லி அவரிடம் நீட்டினேன். கொடுக்க மனம் வரவில்லைதான். பாசம் என்று நோயை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அம்மா சொன்னதை நினைத்துக்கொண்டு கொடுத்தேன். அவர் அந்த நீல மூலையைத் தடவியபடி எஞ்சினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

ஆணி இப்போது காலியாக இருக்கிறது. எனக்கு அவருடைய கேள்வி போதும். எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் திறக்குமுன் எப்போதிலிருந்து என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன். சிலருக்குப் பதில் சொல்லும்போது குரல் இறங்கும். அப்போது ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுகிறேன்.